சொரியாசிஸைப் புரிந்துகொண்டு நெடுநாள் கட்டுக்குள் வைத்திருப்பது எப்படி: கடலூர், புதுவை வாசகர்களுக்கு ஒரு கையேடு

சொரியாசிஸ் என்று மருத்துவர் சொன்ன அன்றே பெரும்பாலானோர் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை மாதத்தில் குணமாகும் என்பதுதான். இது சில மாத மருந்தில் முடிந்துபோகும் நோய் அன்று. சர்க்கரை நோயையும் இரத்த அழுத்தத்தையும் போல ஆண்டுக்கணக்கில் கட்டுக்குள் வைத்திருக்க வேண்டிய நோய். தோல் முழுவதும் தெளிந்து, வெளிப்பார்வைக்கு நோயே இல்லாதவராகப் பல ஆண்டுகள் இருப்பவர்கள் உண்டு. ஆனால் அது திரும்பி வரக்கூடும் என்பதைத் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏனெனில் திரும்பி வருவதை மருந்தின் தோல்வியாக எடுத்துக்கொண்டு, மருத்துவரையும் மருந்தையும் மாற்றிக்கொண்டே அலைபவர்களிடம்தான் இந்த நோய் மிகுந்த சேதத்தை உண்டாக்குகிறது. நிரந்தரத் தீர்வு என்று எழுதிய விளம்பரத்தைச் சுவரிலோ கைபேசியிலோ கண்டால், அந்த உறுதிமொழியையே விலகிச் செல்வதற்கான காரணமாகக் கொள்ளலாம்.

உடலுக்குள் நடப்பது என்ன

மேல்தோலின் அடியில் பிறக்கும் செல்கள் மெல்ல மேலே வந்து உதிர்வதற்கு வழக்கமாக ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸ் உள்ள இடத்தில் நோய் எதிர்ப்பு மண்டலம் காரணமின்றி முடுக்கிவிடப்படுவதால், அதே பயணம் 3 முதல் 5 நாட்களில் முடிந்துவிடுகிறது. முதிராத செல்கள் ஒழுங்காக உதிர வழியின்றி ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து வெள்ளி நிறச் செதில்களாகின்றன. அடியில் இரத்த நாளங்கள் விரிவதால் அந்த இடம் சிவந்து தடிக்கிறது. இதில் கிருமி எதுவும் இல்லை. ஆகவே தொடுவதாலோ, ஒரே தட்டில் உண்பதாலோ, ஒரே துண்டைப் பயன்படுத்துவதாலோ, தாம்பத்திய உறவாலோ இது பிறருக்குத் தொற்றுவதில்லை. பரம்பரைக்கு இதில் பங்கு உண்டு. எனினும் பெற்றோருள் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகள் அனைவருக்கும் வந்தே தீரும் என்பதில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை.

தொழுநோயோடு இதைக் குழப்பிக்கொள்ளும் வழக்கம் மிகப் பழையது. வியன்னாவைச் சேர்ந்த ஃபெர்டினாண்ட் ஃபான் ஹெப்ரா 1841-இல் இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். ஆனால் நம் தெருக்களில் அந்தக் குழப்பம் இன்றும் முழுமையாக நீங்கவில்லை. உலக சுகாதார அமைப்பின் பேரவை 2014-இல் சொரியாசிஸைத் தொற்றாத, தீவிரமான நோயாக ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியதற்கு, நோயாளிகள் சந்திக்கும் ஒதுக்கலும் ஒரு காரணம்.

இது சொரியாசிஸ்தானா

முழங்கை, முழங்கால், தலை, கீழ்முதுகு ஆகிய இடங்களில் விளிம்பு தெளிவாகத் தெரியும் தடித்த படைகளும், அவற்றின்மேல் உலர்ந்த வெள்ளைச் செதில்களும் இருப்பது இதன் மிகப் பரவலான வடிவம். நோயாளிகளில் 10 பேரில் 8 பேருக்கு மேல் இந்த வடிவமே காணப்படுகிறது. மருத்துவ நூல்களின் படங்களில் உள்ள பளிச்சென்ற சிவப்பு நம் நிறத்தில் அப்படியே தெரியாது; கருஞ்சிவப்பாகவோ, ஊதா கலந்த பழுப்பாகவோ தெரியும். படை ஆறிய பின்னும் அந்த இடம் சில மாதங்கள் கருமையாகவோ வெளிறியோ இருக்கும். செதிலும் தடிப்பும் இல்லாத அந்தத் தடம் நோய் அன்று. அதைப் போக்கும் எண்ணத்தோடு ஸ்டீராய்டு களிம்பைத் தொடர்ந்து பூசுவது தோலை மெலியச் செய்வதில்தான் முடியும்.

படர்தாமரை வளையமாக விரியும். அதன் ஓரம் உயர்ந்தும் நடு தெளிந்தும் இருக்கும். கரப்பான் (எக்சிமா) நீர் கசிந்து, பெரும்பாலும் முழங்கையின் மடிப்பிலும் முழங்காலின் பின்புறத்திலும் வரும். சொரியாசிஸ் அதற்கு நேர் எதிர்ப்புறத்தில், மூட்டின் வெளிப்பக்கத்தில் வரும். தொழுநோய்த் தேமலில் உணர்ச்சி குறைந்திருக்கும். சொரியாசிஸ் படையில் தொடு உணர்வு இருக்கும். நகங்களில் குண்டூசியால் குத்தியதுபோன்ற குழிகள் இருந்தால் சொரியாசிஸ் என்ற ஐயம் வலுப்படும். இவை ஐயப்படுவதற்கான அடையாளங்கள் மட்டுமே. முடிவு செய்ய வேண்டியவர் தோல் மருத்துவர். அக்குள், தொடை இடுக்கு, மார்பின் கீழ்மடிப்பு ஆகிய இடங்களில் வரும் வகையில் செதிலே இருக்காது என்பதால், அதைப் பூஞ்சைத் தொற்று என்று எண்ணி மாதக்கணக்கில் தவறான களிம்பு பூசுவது பரவலாக நடக்கிறது.

நோயின் அளவை அறிய எளிய வழி ஒன்று உண்டு. விரல்களோடு சேர்ந்த உங்கள் உள்ளங்கையின் பரப்பு, உடல் பரப்பில் ஏறத்தாழ 1 விழுக்காடு. உடலில் உள்ள படைகளைச் சேர்த்தால் எத்தனை உள்ளங்கை என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். 3-க்குக் குறைவு எனில் பொதுவாக இலேசானது. 10-க்கு மேல் எனில் தீவிரமானது. முகம், உள்ளங்கை, பாதம், பிறப்புறுப்பு ஆகியவற்றில் வந்தால் பரப்பு சிறிதானாலும் அதைச் சிறியது என்று கொள்ளக் கூடாது. கணக்கைத் தேதியோடு ஒரு குறிப்பேட்டில் எழுதி, அதே வெளிச்சத்தில் மாதம் ஒரு படமும் எடுத்து வைத்தால், மருந்து வேலை செய்கிறதா என்ற கேள்விக்கு நினைவை நம்பாமல் விடை கிடைக்கும்.

எங்கே செல்வது, என்ன சொல்வது

புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மரிலும், இந்திரா காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும், கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள அரசுத் தலைமை மருத்துவமனையிலும், சிதம்பரத்தில் உள்ள அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் தோல் நோய்ப் பிரிவை அணுகலாம். பெரிய மருத்துவமனையில் மருத்துவர் ஒருவருக்கு ஒதுக்கக்கூடிய நேரம் சில நிமிடங்களே என்பதால், சொல்ல வேண்டியவற்றை எழுதி எடுத்துச் செல்வது நல்லது. எப்போது தொடங்கியது, இதுவரை பூசியவையும் உண்டவையும் என்ன (பழைய களிம்புக் குழாய்களையே எடுத்துச் செல்லலாம்), காலையில் மூட்டு இறுக்கம் உண்டா, காசநோயோ மஞ்சள் காமாலையோ வந்ததுண்டா, மது அருந்துவது எவ்வளவு, குழந்தைப்பேறு பற்றிய எண்ணம் என்ன என்பவை இன்றியமையாத செய்திகள். இரத்த அழுத்தத்துக்கான பீட்டா தடுப்பான்கள், மனநோய்க்கான லித்தியம், மலேரியாவுக்கான குளோரோகுயின் ஆகியவை சிலருக்குச் சொரியாசிஸைக் கிளப்பிவிடும். சிக்குன்குன்யாவுக்குப் பின் நீடிக்கும் மூட்டு வலிக்கு ஹைட்ராக்சி குளோரோகுயின் தரப்படுவது உண்டு என்பதால், வேறு மருத்துவரிடம் சென்றாலும் உங்களுக்குச் சொரியாசிஸ் இருப்பதைச் சொல்லிவிடுங்கள். ஆனால் இரத்த அழுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது.

பூச்சு மருந்துகள்

எல்லாவற்றுக்கும் அடிப்படை, தோலை எண்ணெய்ப்பசையோடு வைத்திருப்பது. வெந்நீரைத் தவிர்த்து, வெதுவெதுப்பான அல்லது குளிர்ந்த நீரில் குளித்து, துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் முழுவதும் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ வாசலினோ மருத்துவர் தந்த ஈரப்பதக் களிம்போ பூச வேண்டும். கடலோரப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருக்கும் வீடுகளில் இது இருமடங்கு தேவை; கடைசி ஒரு வாளியாவது நல்ல நீரில் ஊற்றிக்கொள்ள முடிந்தால் நல்லது. செதிலைப் பீர்க்கங்கூட்டால் தேய்த்து எடுக்கும் பழக்கத்தை அறவே விட வேண்டும். தேய்த்த இடத்தில் புள்ளிபுள்ளியாக இரத்தம் கசியும், சில வாரங்களில் படை இன்னும் தடித்து வரும். வாசலின் போன்ற பாரஃபின் களிம்பு ஊறிய துணி எளிதில் தீப்பற்றும்; அடுப்பங்கரையிலும் பூசையறை விளக்கின் அருகிலும் கவனம் தேவை.

ஸ்டீராய்டு களிம்பு பற்றி இரண்டு எதிரெதிர்த் தவறுகள் நடக்கின்றன. ஒன்று, ஸ்டீராய்டு என்ற சொல்லுக்கே அஞ்சி, படையின் ஓரத்தில் மட்டும் சிறிது தொட்டுவைப்பது. மற்றொன்று, மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கிய வீரியமிக்க களிம்பை ஆண்டுக்கணக்கில் முகம் முதல் தொடை இடுக்கு வரை பூசுவது. என் கணிப்பில் நம் பகுதியில் இரண்டாவதுதான் அதிகம். குளோபெட்டசால் போன்ற மிக வீரியமானவற்றை மருத்துவர் குறித்த இடத்தில், குறித்த 2 முதல் 4 வாரங்களுக்கு மட்டும் பூசி, பிறகு அவர் சொல்லும் முறையில் குறைக்க வேண்டும்; வாரத்துக்கு 50 கிராமைத் தாண்டவே கூடாது. அளவுக்கு ஒரு கணக்கு உண்டு: ஆட்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம், அது 2 உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். ஆக, 4 உள்ளங்கை அளவு படை உள்ளவர் நாளுக்கு ஒரு முறை பூசினால், 30 கிராம் குழாய் ஒரு மாதம் வர வேண்டும். ஒரே வாரத்தில் தீர்ந்தாலும், மூன்று மாதம் தீராமல் இருந்தாலும் எங்கோ பிழை இருக்கிறது.

ஸ்டீராய்டுக்கு மாற்றாகவோ துணையாகவோ, வைட்டமின் டி வகையைச் சேர்ந்த கால்சிபோட்ரியால் என்ற பூச்சு மருந்து தரப்படுகிறது. செதிலைக் கரைக்கும் சாலிசிலிக் அமிலம் இதைச் செயலிழக்கச் செய்துவிடும் என்பதால் இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் பூசக் கூடாது. தலையில் தடித்த செதில் உள்ளவர்கள் இரவில் மருந்து எண்ணெய் பூசி, காலையில் நிலக்கரித் தார் (கோல் தார்) ஷாம்பு போட்டுச் சில நிமிடம் ஊறவிட்டு அலசுவது பயன் தரும்.

ஒளிச்சிகிச்சையும் மாத்திரைகளும்

படை பரந்திருந்தால் 311 நானோமீட்டர் அளவுள்ள குறுகிய அலைவரிசைப் புற ஊதா ஒளிச்சிகிச்சை நல்ல தேர்வு. கர்ப்பிணிகளுக்கும் இதைத் தரலாம். வாரத்துக்கு 2 அல்லது 3 முறை வீதம் 20 முதல் 30 அமர்வுகள் வரை தேவைப்படலாம். கடலூரிலிருந்து புதுச்சேரி ஏறத்தாழ 25 கிலோமீட்டர்தான் என்றாலும், நாட்கூலிக்குச் செல்பவருக்கு வாரம் மூன்று அரைநாள் என்பது பெரிய இழப்பு. பாதியில் நிறுத்துவதைவிட, வர இயலாது என்று முதலிலேயே சொல்லி வேறு சிகிச்சை கேட்பது மேல்.

மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். விலை குறைவு, பல பத்தாண்டுகளாகப் பயன்பாட்டில் இருப்பது, பெரும்பாலானோருக்கு நல்ல பலன் தருவது. ஆனால் சொரியாசிஸுக்கு இதை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே உட்கொள்ள வேண்டும். நாள்தோறும் என்று தவறாக எண்ணி உட்கொண்டால் எலும்பு மஜ்ஜை செயலிழந்து உயிருக்கே ஆபத்து நேரும். அப்படிப்பட்ட இறப்புகள் உலகெங்கும் பதிவாகியுள்ளன. ஞாயிறு என்றால் ஞாயிறு என்று அட்டையின்மேல் பெரிதாக எழுதி, வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லிவையுங்கள். வயதானவர்களின் மருந்துப் பெட்டியில் இதைத் தினசரி மாத்திரைகளோடு கலந்து வைக்கக் கூடாது. ஃபோலிக் அமிலத்தை மருத்துவர் குறித்த வேறு நாட்களில் உட்கொள்ள வேண்டும். இரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றுக்கான பரிசோதனைகளைத் தவறாமல் செய்ய வேண்டும். வாயில் புண், காய்ச்சல், காரணமில்லாத இரத்தக் கசிவு, மூச்சுத் திணறல் ஆகியவற்றில் ஏதேனும் வந்தால் மாத்திரையை நிறுத்தி உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கோட்ரைமாக்சசோல் என்ற கிருமிக்கொல்லியை இதோடு சேர்த்து உட்கொள்வது மிக ஆபத்தானது. கர்ப்பிணிகள் இதைத் தொடவே கூடாது. பிள்ளைப்பேற்றைத் திட்டமிடும் ஆணும் பெண்ணும் முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டும். அசிட்ரெட்டின் என்ற மற்றொரு மருந்தை நிறுத்திய பின்னும் 3 ஆண்டுகள் பெண்கள் கருத்தரிக்கக் கூடாது.

மது மலிவாகக் கிடைக்கும் புதுச்சேரிக்கு அருகில் வாழ்பவர்களிடம் இதைச் சொல்வது தேவையாகிறது: மதுவும் மெத்தோட்ரெக்சேட்டும் சேர்ந்தால் கல்லீரல் பாழாகும். மது தன்னளவிலேயே சொரியாசிஸைக் கிளப்பக்கூடியது, புகையும் அப்படியே.

இவற்றுக்கும் அடங்காத நோய்க்கு அடாலிமுமாப், செக்குக்கினுமாப் போன்ற ஊசி மருந்துகள் உள்ளன. இவற்றைத் தொடங்குமுன் உறங்கிக் கிடக்கும் காசநோய்க்கும் கல்லீரல் அழற்சிக்கும் பரிசோதனை கட்டாயம். விலை இன்னும் அதிகம்தான். இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு ஊசி உண்டு. ஒரே ஊசியில் ஒரு வாரத்தில் படை மறைந்துவிட்டது என்று யாரேனும் வியந்தால், அது பெரும்பாலும் ஸ்டீராய்டு ஊசியாக இருக்கும். அதன் வீரியம் குறைந்ததும் நோய் முன்னைவிடக் கடுமையாக, சில வேளைகளில் உடல் முழுவதும் சீழ்க்கொப்புளங்களாகத் திரும்பும்.

சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப்படை என்ற பெயரில் இதற்குச் சிகிச்சை உண்டு. வெட்பாலைத் தைலத்தைப் பலர் பூசுகின்றனர். பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் செல்பவர்கள், நடப்பு மருந்துகளை அவரிடமும், தைலத்தைத் தோல் மருத்துவரிடமும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உள்ளே உட்கொள்ளும் மருந்தில் பாதரசமோ பாடாணமோ (நச்சுத் தாதுப்பொருள்) சேர்ந்துள்ளதா என்று கேட்பதில் தவறில்லை. பெயரும் உட்பொருளும் எழுதப்படாத பொட்டலத்தை யார் தந்தாலும் வாங்காதீர்கள்.

நம் ஊரின் வெயிலும் கடலும் தொழிலும்

தோல் காயம்பட்ட இடத்தில் புதிதாகச் சொரியாசிஸ் முளைக்கும் இயல்பை ஹென்ரிச் கோப்னர் 1872-இல் விவரித்தார். நம் வட்டாரத்தில் இதற்கான வாய்ப்புகள் பல. பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரிக் கொட்டை உடைப்பவர்களின் கையில் படும் ஓட்டெண்ணெய் தோலை வேகவைக்கும் தன்மையது. கையுறை அணியாமல் அந்த வேலையில் இறங்கக் கூடாது. வலையும் கயிறும் உரசும் உள்ளங்கைக்கும் இது பொருந்தும். நேர்த்திக்கடனுக்கு மொட்டை போடுவதாயின், நோய் கிளம்பியிருக்கும் காலத்தில் தள்ளிவைத்து, அடங்கிய பின் புதிய பிளேடால் கீறல் படாமல் மழிக்கச் சொல்லலாம். அலகு குத்துவதையும் பச்சை குத்துவதையும் தவிர்ப்பதே நல்லது. தெய்வம் கோபித்துக்கொள்ளும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

தேவனாம்பட்டினத்துக் கடலில் குளித்தால் படை போய்விடும் என்று சொல்பவர்கள், இஸ்ரேலுக்கும் ஜோர்டானுக்கும் இடையே உள்ள சாக்கடலில் நடக்கும் சிகிச்சையைக் கேள்விப்பட்டிருக்கலாம். சாக்கடலின் உப்பு நம் கடலைப்போல் ஏறத்தாழ 10 மடங்கு; அது கடல் மட்டத்துக்கு 400 மீட்டருக்கும் கீழே இருப்பதால் அங்கு விழும் வெயிலின் தன்மையும் வேறு. வங்கக் கடலில் குளிப்பதில் கேடில்லை, ஆனால் அது சிகிச்சையும் அன்று. குளித்தால் உப்பை நல்ல நீரில் அலசி, உடனே எண்ணெய் பூசுங்கள். அளவான வெயில் பலருக்கு நன்மை செய்கிறது; வெயிலில் தோல் எரியுமளவு நின்றால் அதுவே ஒரு காயமாகிவிடும். கோடையின் வியர்வையில் மடிப்புகளில் உள்ள நோய் மோசமாகும். மார்கழி, தைப் பனியில் உலர்ந்த படைகள் வெடிக்கும். மழைக்காலத்துத் தொண்டை வலியைச் சிறுவர்களிடம் அலட்சியம் செய்யக் கூடாது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றுக்கு இரண்டு மூன்று வாரங்களுக்குப் பின் துளித்துளியாக உடலெங்கும் சொரியாசிஸ் தோன்றுவதுண்டு.

புயலைப் பற்றியும் நினைக்க வேண்டிய மாவட்டம் இது. 2011 டிசம்பரில் தானே புயலுக்குப் பின் பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் வந்தபோதும் கடலூரிலும் புதுச்சேரியிலும் வெள்ளம் சூழ்ந்தது. ஐப்பசி தொடங்குமுன் இரண்டு வாரத்துக்கான மருந்தையும் மருந்துச் சீட்டின் நகலையும் நீர் புகாத உறையில் வைத்துக்கொள்ளுங்கள். 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய ஊசி மருந்து வீட்டில் இருந்தால், மின்வெட்டு நேர்ந்தால் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று முன்பே கேட்டு வையுங்கள். அதைப் பனிக்கட்டி மேல் நேரடியாக வைத்து உறையவிட்டால் பயன்படாது.

தோலுக்கு அப்பால்

சொரியாசிஸ் உள்ளவர்களில் சுமார் 100-இல் 30 பேர் வரை மூட்டழற்சிக்கு ஆளாகக்கூடும். காலையில் எழுந்ததும் அரைமணிக்கு மேல் நீடிக்கும் இறுக்கம், ஒரு விரல் முழுவதும் தடித்து வீங்குதல், குதிகால் வலி ஆகியவற்றை வயதின் மேலோ பழைய சிக்குன்குன்யாவின் மேலோ போட்டுவிடாதீர்கள். தாமதித்தால் மூட்டு நிரந்தரமாகக் கோணிவிடும். இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை ஆண்டுக்கொரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வருபவர்களிடமே முதல் இரண்டையும் பார்க்கலாம். உடல் பருமன் குறைந்தால் படையும் குறைகிறது. பத்தியம் என்ற பெயரில் மீன், கத்தரிக்காய், கருவாடு என்று ஒவ்வொன்றாக நிறுத்துவதற்கு உறுதியான சான்று இல்லை. ஒரு குறிப்பிட்ட உணவால் தனக்கு நோய் கூடுவதைத் தொடர்ந்து கண்டவர் அதை மட்டும் விடலாம்.

உறக்கமின்மையும் மனச்சோர்வும் இந்த நோயோடு அடிக்கடி வருபவை. அவற்றையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். முடிதிருத்தகத்தில் தயங்குபவரிடம், இது தொற்றாது என்று எழுதிய மருத்துவரின் குறிப்பைக் காட்டலாம். திருமணப் பேச்சில் நோயை மறைப்பதைவிட, இரு குடும்பத்தாரையும் ஒருமுறை தோல் மருத்துவரிடம் அழைத்துச் சென்று அவர் வாயால் கேட்கச் செய்வது பின்னாளின் கசப்பைத் தவிர்க்கும்.

உடலின் பெரும்பகுதி ஒரே நேரத்தில் சிவந்து உரிந்தாலோ, காய்ச்சலோடு சீழ்க்கொப்புளங்கள் பரவினாலோ, வெயிலிலும் உடல் நடுங்கினாலோ, அடுத்த புறநோயாளர் நாள் வரை காத்திராமல் அன்றைக்கே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள்.